கூடையை இறக்கியாச்சு, ரொட்டி மட்டும் குறையவில்லை

"மலையில ஏறி இறங்கித்தானே சீவிக்கிறோம், எங்களுக்கு எதுக்கு டொக்டர் எக்சசைஸ்?" ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கிளினிக்குகளில் இந்தக் கேள்வி ஓயாமல் வரும். கேட்பவர்களில் பலர் இப்போது கொழுந்து எடுக்கத் தேயிலை மலைக்குப் போவதில்லை என்பது அடுத்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் டவுன் கடையில் கல்லாவில் இருக்கிறார், ஒருவர் த்ரீவீல் ஓட்டுகிறார், இன்னொருவர் ஈ.பீ.எஃப். காசை எடுத்துக்கொண்டு வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்கிறார். வேலை மாறி வருடங்கள் ஆகின்றன. தட்டில் விழும் சாப்பாடு மட்டும் கூடை சுமந்த காலத்து அளவிலேயே நிற்கிறது. மலைநாட்டில் நாம் பார்க்கும் தொப்பைகளில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம்.

இன்னும் கொழுந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கொழுந்து எடுக்கும்போது கை வேகமாக ஓடும், கால் பெரும்பாலும் நிற்கும். தோளும் இடுப்பும் நோகும், உடம்பு அசரும், ஆனால் மூச்சு வாங்கும் நேரம் குறைவு. மேட்டில் ஏறும்போதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூடையைச் சுமக்கும்போதும்தான் இதயத்துக்கு வேலை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

முதலில் அளவு. இடுப்பை அளக்கச் சொன்னால் பலர் தொப்பைக்குக் கீழே, பெல்ட் கட்டும் இடத்தில் நாடாவை வைக்கிறார்கள். அது பொய்க்கணக்கு. ஜேர்சியைக் கழற்றிவிட்டு நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், அதன் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடா போக வேண்டும், சுற்றிலும் ஒரே மட்டத்தில். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு நிறுத்தும் நேரத்தில் வாசியுங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர்: அதற்கு மேல் போனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. உடல் நிறைச் சுட்டியில் (பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு ஆபத்து 23இல் ஏறத் தொடங்கி 27.5இல் அதிகமாகிறது. 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது முறையே 52 கிலோ, 62 கிலோ. ஆள் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற உடல்வாகு தோட்டப் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்குத் தராசு நல்ல செய்தி சொல்லும், நாடாதான் உண்மை சொல்லும்.

ரொட்டிக் கணக்கு

தோட்டத்து ரொட்டி ஒன்றைத் தட்டுவதற்கு முன் மாவை நிறுத்துப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்குத் தடிப்பாகத் தட்டும் வீடுகளில் ஒன்றுக்கு 100 கிராம் கோதுமை மா சர்வசாதாரணம். அதில் ஏறக்குறைய 350 கலோரி. காலையில் இரண்டு, பகலுக்குக் கட்டிக்கொண்டு போவது இரண்டு என்றால் மாவில் மட்டும் 1,400. சம்பலுக்குத் துருவும் தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்கு இன்னொரு 350. தேங்காய் போடாத கட்டச் சம்பல் என்றால் கலோரி குறைவு, உப்பு அதிகம். இரவுச் சோறு இன்னும் வரவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு மொத்தமாகவே 1,700, 1,800 கலோரி போதும் என்பதை இதனுடன் வைத்துப் பாருங்கள்.

ரொட்டியை விடச் சொல்வது வேலைக்கு ஆகாது. விட்டவர்கள் மூன்றாம் நாள் பாணுக்குப் போகிறார்கள், அது இன்னும் மோசம், ஏனென்றால் பாண் சீக்கிரம் பசிக்க வைக்கும். ரொட்டியை மாற்றலாம். ஒன்றுக்கு 60 கிராம் மா, அதில் பாதி குரக்கன் அல்லது ஆட்டா. துருவிய கரட் ஒரு கைப்பிடி, பொடியாக அரிந்த லீக்ஸ், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசையுங்கள். காய் தண்ணீர் விடும், அதனால் தண்ணீரைக் கடைசியில் தெளித்தால் போதும். முழுக்கக் குரக்கன் போட்டால் ரொட்டி வெடிக்கும், பிள்ளைகள் தொடவும் மாட்டார்கள், அத்தோடு முயற்சி முடிந்துவிடும். இப்படி இரண்டு ரொட்டி, பக்கத்தில் ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கோப்பை கெட்டிப் பருப்பு. சம்பல் ஒரு மேசைக்கரண்டி.

முட்டையும் பருப்பும் வெறும் அலங்காரம் இல்லை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் பாரம் தூக்கும் பயிற்சியும்தான் தசையைக் காக்கும். உடம்பில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வையுங்கள் (சிறுநீரக நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுத்தான்). ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறக்குறைய 12, 30 கிராம் சோயா மீட்டில் 15 அளவு. நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய, உப்பும் நிறைய. சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

மரக்கறி விஷயத்தில் ஒரு வேடிக்கை. நுவரெலியா, வெலிமடைத் தோட்டங்களில் விளையும் கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி எல்லாம் லொறி ஏறித் தம்புள்ளைக்குப் போகிறது. விளைந்த ஊரில் கறி என்றால் உருளைக்கிழங்கு. கிழங்கு சோற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது, மரக்கறியோடு இல்லை. சோறு தட்டில் கால் பங்கு, பருப்பு, மீன், முட்டை ஏதாவது ஒன்று கால் பங்கு, மீதிப் பாதி கீரையும் காயும். இரண்டாம் தடவை சோறு போடாதீர்கள். காய் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம்.

தேத்தண்ணி

குளிருக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி 60 கலோரி. முழு ஆடைப் பால்மா இரண்டு கரண்டி சேர்ந்தால் 120ஐத் தாண்டும். ஐந்து கோப்பைக்கு 600. கூட நாலு மாரி பிஸ்கட் என்றால் இன்னும் 100. சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கிறது, வாய் ஏங்குகிறது என்று பலர் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஆறு வாரத்தில் சுழியத்துக்கு வந்துவிடலாம், நாக்கும் பழகிவிடும். பிளேன்டீயோடு கருப்பட்டித் துண்டைக் கடிப்பவர்கள் அதையும் சீனியாகவே எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாச் சீனியும் சேர்ந்து 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. சோடா போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி.

தேத்தண்ணியின் இன்னொரு சேதம் பலருக்குத் தெரியாது. சாப்பிட்டவுடன் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது வெகுவாகக் குறைகிறது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள். உடற்பயிற்சிக் கட்டுரையில் இது எதற்கு என்றால், நடக்கத் தொடங்கிய பெண்கள் பலர் "மூச்சு வாங்குது, நெஞ்சு படபடக்குது" என்று இரண்டாம் வாரம் விட்டுவிடுவதற்குப் பின்னால் இரத்தசோகை இருக்கிறது. அது சோம்பல் இல்லை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதற்கு மருந்து, மேட்டு நடை பிறகு.

குடியைப் பற்றி ஒரு வரி: கால் போத்தல் சாராயத்தில் 300 கலோரிக்கு மேல். கூடக் கொறிக்கும் பைட்ஸ் தனிக்கணக்கு.

மேடு எப்படி ஏறுவது

அரை மணித்தியாலம் சமதரையில் வேகமாக நடந்தால் 70 கிலோ ஆளுக்கு 150 கலோரி அளவு செலவாகும். ஒரு ரோல்ஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டுதான். குறைந்ததைக் குறைந்தபடி வைத்திருப்பதும், சீனி, பிரஷர், தூக்கம், முழங்காலைச் சீராக்குவதும் பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை, இரண்டு நாள் தசைப்பயிற்சி என்பது குறைந்தபட்ச இலக்கு.

மேடு நமக்கு இலவசமாகக் கிடைத்த ஜிம். அதே மேடுதான் முழங்காலையும் கெடுக்கிறது, அதுவும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்க வேண்டும். பழகாத தசை பிடிக்காது, அதிர்ச்சி மூட்டுக்குப் போகும். சிவனொளிபாதமலை சீசனில், மார்கழிப் போயாவுக்கும் வெசாக்குக்கும் இடையில், நல்லதண்ணியிலிருந்து ஏறிவிட்டு வந்தவர்கள் மூன்று நாள் படியிறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

முதல் இரண்டு வாரம் 10 நிமிடம் சமதரையில் சூடாக்கி, 10 நிமிடம் மட்டும் ஏறுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் சரியான வேகம். இறங்கும்போது சின்ன அடி, முழங்கால் சற்று மடிந்தபடி, பாதை அகலமாக இருந்தால் இடமும் வலமுமாக வளைந்து இறங்குங்கள். தேய்ந்த பாட்டாச் செருப்போடு இறங்குவதைப் போல் ஆபத்து வேறில்லை. பழைய கன்வஸ் சப்பாத்து போதும். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடந்த அன்று இலேசாக நொந்து மறுநாள் காலை மறைந்தால் தொடரலாம். மூட்டு வீங்கினால் நிறுத்திக் காட்ட வேண்டும்.

மழைதான் பெரிய எதிரி. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம், மார்கழி, தையில் பதுளை, பசறைப் பக்கம் வாரக்கணக்கில் வெளியே இறங்க முடியாது. நடையை மட்டும் நம்பியவர்களுக்கு எடை திரும்புவது இந்த மாதங்களில். அதற்கு வீட்டு வாசல் இஸ்தோப்பு (விறாந்தை) போதும். கதிரையில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும்புதல் 10 தடவை. சுவரில் கைவைத்துத் தண்டால் 10. இஸ்தோப்புப் படியில் ஒரு காலை வைத்து ஏறி, அதே காலில் பாரத்தை வைத்து மற்றக் காலை மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குதல், காலுக்கு 8. இந்தக் கடைசிப் பயிற்சிதான் இறக்கத்துக்கு முழங்காலைத் தயார்செய்வது, பலர் அவசரப்பட்டுக் காலைத் தொப்பென்று போடுவதும் இதில்தான். பிறகு 5 லீற்றர் கேனில் தண்ணீர் நிரப்பி, முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்துத் தரையிலிருந்து தூக்கி வைத்தல் 10. எல்லாம் சேர்த்து ஒரு சுற்று, மூன்று சுற்றுக்கு 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மிகச் சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கேனைக் கூட்டுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு லீவில் வரும் பொடியன்கள் முதல் நாளே ஓடப்போய் மூச்சடைத்து உட்காருவது உண்டு. இரண்டு மூன்று நாள் மெதுவாக நடந்துவிட்டு ஓடட்டும். தை மாதத்து உறைபனிக் காலையில் நெஞ்சுநோவு, ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகே வெளியே போக வேண்டும். பனிமூட்டத்தில் ரோட்டில் நடந்தால் வாகனம் வரும் திசையைப் பார்த்து நடங்கள். சமதரை என்று ரயில்பாதையில் காதில் இயர்போனோடு நடப்பதைத் தயவுசெய்து விடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்கு ஓடும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின், கிளிக்லசைட் போன்ற மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சீனி திடீரென இறங்கும். மருந்தின் அளவைக் கிளினிக்கில் பேசிவிட்டே தொடங்க வேண்டும், பையில் இனிப்பு இருக்க வேண்டும். பிரஷர் 180/110க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஃபேஸ்புக்கில் விற்கும் மெலிவுப் பொடிகளைத் தொடாதீர்கள். "மூலிகை" என்று விற்ற இத்தகைய பொருட்கள் சிலவற்றில் சிபுட்ரமின் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய ஆபத்து காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. சுடுதண்ணீரில் தேனும் தேசிக்காயும் கொழுப்பைக் கரைக்காது, தேன் சீனியைக் கூட்டும், அவ்வளவுதான். காலையில் பட்டினி கிடந்து இரவில் இரண்டு தட்டு சாப்பிடுபவர்களையும் இந்தப் பட்டியலிலேயே சேர்க்கலாம்.

முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். இரண்டாம் மாதத்தில் தராசு நிற்கும். உடம்பு சிறுத்துவிட்டதால் அதற்குத் தேவைப்படுவதும் குறைந்திருக்கும், அளவுகளும் சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் போத்தல். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி வையுங்கள். 750 மில்லிலீற்றரில் 6,000 கலோரிக்கு மேல். நாலு பேர் வீட்டில் ஐந்து நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 300, பத்து நாளுக்கு இழுத்தால் 150. தாளிக்கும்போது போத்தலைச் சரிக்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே அந்த ஐந்து நாள் கூடிவிடும்.