மலையகத் தமிழருக்கான 2003 குடியுரிமைச் சட்டம்: யாருக்கு, எப்படி?

தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும் இலங்கையில் ‘நாடற்றவர்’ என்று வைக்கப்பட்டிருந்த மலையகத் தமிழருக்காக வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ‘இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம்’ என்பார்கள். இதில் நினைவில் வைக்க வேண்டிய தேதி ஒன்றுதான்: 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது.

இவ்வளவு காலம் கழித்து இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1948க்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் இந்திய வம்சாவளியினரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது, அவ்வளவுதான். லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்துப் பத்திரப்படுத்தியவர்கள் எத்தனை பேர்? யாருக்குக் கதவடைக்கிறோம் என்பது எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தமிழ்த் தலைவர் செல்வநாயகம் அன்றே இதை எதிர்த்தார்.

1949இல் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1.34 இலட்சம் பேருக்கு. வாக்குரிமையும் பறிபோனது.

அப்புறம் 1964. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபோது, கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் சிக்கலை ஓரளவுதான் தீர்த்தன.

சரி, 2003 சட்டம் என்ன செய்தது? 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரையும், அப்படி வசித்தவரின் வழிவந்து இலங்கையில் வாழ்பவரையும் குடிமக்களாக்கியது. பூட்டன் எங்கே பிறந்தார் என்ற கேள்வியே இல்லை. இவர்கள் ஒரு பொதுப் பிரகடனத்தை நிரப்பிச் சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கினால் போதும் என்று நடைமுறை வகுக்கப்பட்டது. இந்தியக் குடியுரிமையோ கடவுச்சீட்டோ வழங்கப்பட்டும் இங்கேயே தங்கியவர்கள், இலங்கைக் குடியுரிமையை விரும்புவதாக இதற்குரிய அரசு ஆணையாளருக்குச் சிறப்புப் பிரகடனம் கொடுக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டம் வந்த கையோடு தோட்டம் தோட்டமாக முகாம் போட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கங்களும் கைகொடுக்க, பத்து நாட்களை ஒட்டிய காலத்திலேயே சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றதாக ஆணையம் சொல்கிறது. அரை நூற்றாண்டாக முடியாதது என்று சொல்லப்பட்ட வேலை!

இந்தப் பிரகடனம் குடியுரிமைக்குத்தான் சான்று. தேசிய அடையாள அட்டையைத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் அங்கேதான் இழுபடுகிறார்கள். பறித்த ஆண்டுகளுக்கு இழப்பீடு என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. காணி, வீடும் இதில் வராது. லயம் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால், குடிமகனான பிறகும் சொந்த முகவரி இல்லாதவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஓட்டை.

போரின் காரணமாகத் தமிழ்நாட்டுக்குப் போய் முகாம்களில் வாழும் மலையகத் தமிழர்கள், ‘இலங்கையில் வசிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையால் முதலில் விடுபட்டுப் போனார்கள். நெருக்கடியால் இந்தியாவுக்குப் போனவர்களையும் சேர்த்து 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பெற்றோரின் இலங்கை ஆவணங்களையும் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் முதலில் சேர்த்துவைப்பது நல்லது. பெயரின் எழுத்து இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.