முழுமையான குணமா, ஆளை முழுதும் பார்ப்பதா?

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, டிவி பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். "படிச்சுப் பாருடா. முழுசா குணமாகும்னு போட்டிருக்கு. மாத்திரைய விட்டுடலாமா?"

வழவழப்பான தாள். பச்சை நிறத்தில் ஓர் இலை, இலைக்குள் சம்மணமிட்ட உருவம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "உண்மையான முழுமையான குணப்படுத்தும் பயிற்சி" என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் கன்னடமும் ஆங்கிலமும். ஆங்கிலத்தில் 'அதென்டிக் ஹோலிஸ்டிக் ஹீலிங் பிராக்டீஸ்'. நாலு சொல்லுக்கு நாலு சொல் போட்டிருக்கிறார் மொழிபெயர்ப்பாளர். நாலும் தப்பு.

மற்ற மூன்றுக்கும் பிறகு வருகிறேன். அந்த இரண்டாவது சொல்லை இந்த ஊரில் நான் பார்க்காத இடமில்லை. அல்சூரில் யோகா வகுப்பு வாசலில், ராமமூர்த்தி நகரில் ஆட்டோவுக்குப் பின்னால், வாட்ஸ்அப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமை முகாம் அழைப்பில், எங்கும் ஹோலிஸ்டிக் என்றால் 'முழுமையான'. இனியும் சும்மா இருந்தால் பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுவதும். அதை வைத்து 'ஹோலிசம்' என்ற சொல்லை 1926இல் வந்த தன் நூலில் உண்டாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். காந்தி சிறையில் தைத்த செருப்பைப் பரிசாகப் பெற்ற அதே ஸ்மட்ஸ்தான். தில்லையாடி வள்ளியம்மை சிறைப்பட்ட 1913 போராட்டத்தின்போது அங்கே அமைச்சராக இருந்தவர். பகுதிகளைக் கூட்டி வைத்தால் முழுமை வந்துவிடாது என்று எழுதியவருக்கு, மனிதர்களை நிறவாரியாகப் பிரித்து வைப்பதில் மட்டும் உறுத்தல் இருக்கவில்லை. சரி, அது வேறு கதை. ஹோலோஸுக்குச் சமஸ்கிருதத்தில் ஒன்றுவிட்ட சகோதரன் 'சர்வ'. 'முழு' என்று பொருள்படும் ஆங்கில 'ஹோல்' ஒலியில் நெருங்கினாலும் வேறு குடும்பம். ஹீல், ஹெல்த், ஹோலி மூன்றும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த ஒலி மயக்கத்தில் ஒருவர் 'புனித சிகிச்சை' என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, வண்ணப்பொடி தூவும் ஹோலியோடு யாரும் இன்னும் முடிச்சுப் போடவில்லை.

மருத்துவத்தில் இந்தச் சொல் வரும்போது அதன் பொருள் ஒன்றுதான்: முட்டியை மட்டும் பார்க்காமல் முட்டிக்குச் சொந்தக்காரரையும் பார்ப்பது. அவர் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எத்தனை மாடி ஏறுகிறார், வீட்டில் யாரோடு சண்டை. 'முழு' என்பது இங்கே ஆளைச் சுட்டுகிறது. குணம் எத்தனை சதவீதம் என்பதைச் சுட்டவில்லை.

தமிழில் 'முழுமையான' என்று எழுதியவுடன் அது அடுத்து நிற்கும் சொல்லைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பெயரெச்சத்தின் இயல்பு அது. 'முழுமையான சிகிச்சை' என்றால் பாதியில் விடாத சிகிச்சை. 'முழுமையான குணம்' என்றால் நோய் மிச்சமில்லை. அதோடு விளம்பரத் தமிழில் 'முழு' என்பது உத்தரவாதச் சொல். 'முழுப் பணமும் திருப்பித் தரப்படும்' என்று படித்துப் பழகிய கண் இது. வாரப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில், எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் தங்குவார் என்ற விவரத்தோடு பரம்பரை வைத்தியர்கள் போடும் 'பூரண குணம் பெறலாம்' விளம்பரங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை என் பெரியம்மாவினுடையது. 'பூரண' என்ற வடசொல்லை எடுத்துவிட்டு 'முழுமையான' என்று தூய தமிழில் போட்டால், அவருக்குக் கேட்பது அதே பழைய வாக்குறுதிதான்.

தமிழ்ச் சங்க நூலகத்தில் அடிக்கடி சந்திக்கும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்கிறவர், என்னைவிட மூத்தவர். "அகராதியில் முழு என்றுதானே இருக்கிறது? 'முழுமையான கல்வி' என்றால் புரிந்துகொள்கிறார்கள் இல்லையா?" என்றார். புரிந்துகொள்கிறார்கள் அண்ணா, கல்வியில் ஆபத்து இல்லை. 'முழுமையான கல்வி' என்ற பள்ளி விளம்பரத்தைப் படித்துவிட்டு யாரும் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிவதில்லை. அப்புறம் அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது." பழகியது யாருக்கு? எழுதுகிறவர்களுக்கு. படிக்கிறவர்கள் வேறொன்றாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவருக்கு நான் காட்டியது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள் சட்டம். (சட்டத்தின் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு வதை.) நீரிழிவு, புற்றுநோய், கண்புரை, வலிப்பு, ரத்த அழுத்தம் என்று அதன் அட்டவணையில் 54 இனங்கள் இருக்கின்றன. இவற்றை இந்த மருந்து குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. மருந்தோடு நிற்கவில்லை. தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லி, அற்புத சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரப்படுத்துவதையும் தடுக்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் எந்த வம்பும் இல்லாத ஒரு வாசகம், தாளைத் திருப்பியவுடன் தமிழில் 'முழுமையான குணம்' ஆகி இந்தச் சட்டத்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஒரு சொல்லை மாற்றிப் போட்டதற்காக வக்கீலைப் பார்க்கும் நிலைமை அந்த நோட்டீஸ்காரருக்கு வரவேண்டுமா என்று கேட்டேன். நண்பர் காபியை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் கிளையன்ட் பாடு" என்றார்.

மற்ற சொற்களும் களத்தில் இருக்கின்றன. 'ஒருங்கிணைந்த மருத்துவம்' நல்ல சொல், ஆனால் வேறொன்றின் பெயர். நவீன மருத்துவத்தோடு யோகா, ஆயுர்வேதம் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுப்பது அது. இதே ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது. கன்னடக்காரர்களும் இந்திக்காரர்களும் 'சமக்ர' என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் ஒட்டாது. மத்திய அரசின் 'சமக்ர சிக்ஷா' கல்வித் திட்டமே தமிழ்நாட்டில் 'ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி'யாகிவிட்டது. 'இயற்கை மருத்துவம்' தனி முறை, அதற்குத் தனிப் படிப்பு உண்டு. 'மாற்று மருத்துவம்' என்றால் டாக்டரை மாற்று என்று சொல்வது போலவே இருக்கிறது. இன்னொருவர் 'முழுமைவாதம்' என்று எழுதியிருந்தார். தத்துவக் கட்டுரையில் சரி. நோட்டீஸில் போட்டால், ஒரு பக்கம் வந்தால் பக்கவாதம், உடம்பு முழுக்க வந்தால் முழுமைவாதம் என்றுதான் எங்கள் தெருவில் படிப்பார்கள்.

நான் சொல்வது 'முழுதளாவிய'. முழுவதையும் அளாவிப் பார்க்கிற என்று பொருள். என் கண்டுபிடிப்பு இல்லை, கட்டுரைகளில் ஏற்கெனவே புழங்குவதுதான். இதில் எனக்குப் பிடித்தது, உள்ளே ஒரு வினை இருப்பது. 'முழுமையான' என்பது முடிந்துபோன நிலையைச் சொல்கிறது. அளாவுதல் செய்கிறவரின் வேலை. முடிவைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை. கருத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை:

உற்றான் அளவும் பிணியளவும் காலமும்
கற்றான் கருதிச் செயல்.

நோயாளி எப்படிப்பட்டவர், நோய் எவ்வளவு, காலம் எது என்று மூன்றையும் பார்த்துச் செய் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில் நோயாளி, வைத்தியர், மருந்தோடு பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்கிறவரையும் சேர்த்து நாலாக்குகிறார். அல்சூர் ஏரிக்கரையில் 1991இலிருந்து 18 வருடம் மூடியே கிடந்து, 2009இல் திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலைக்கு எதிரிலேயே 'முழுமையான குணம்' தட்டி கட்டுகிறவர்களை என்ன சொல்ல?

இனி 'ஹீலிங்'. குணப்படுத்துதல் என்றால் அது நோயைப் போக்குவது. ஹீலிங்கில் மெதுவாகச் சரியாதலும் இருக்கிறது. தமிழில் அதற்கு அழகான வினை 'ஆறு'. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்பதில் வரும் ஆறுதல். புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, நண்பரின் காபியும் ஆறுகிறது. ஆனால் 'ஆற்றுநர்', 'ஆற்றுகை' என்று கிளம்பினால் உரையாற்றுகிறவரா, ஆற்றுக்குப் போகிறவரா என்று குழப்பம் வரும். எனவே என் ஆசையை அடக்கிக்கொண்டு 'நலம் பேணல்' என்கிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர் தாராளமாக 'முழுதளாவிய மருத்துவம்' என்று போடட்டும். ரெய்கி, ஒலிக் கிண்ணம், மூச்சுப் பயிற்சி என்று செய்கிறவர் 'மருத்துவம்' என்ற சொல்லைத் தொடாமல் 'முழுதளாவிய நலம் பேணல்' என்று போடுவதே நேர்மை.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தமிழர்தான், சேலம் பக்கம். பெரியம்மா கேட்டதைச் சொன்னதும் பதறிவிட்டார். "ஐயோ சார், மாத்திரையை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். இங்கிலீஷ்ல கீழே போட்டிருக்கேனே, பாக்கலையா?" என்றார். பார்த்தேன். 'உங்கள் மருத்துவரின் சிகிச்சைக்கு இது மாற்று அல்ல' என்று பொருள்படும் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று மொழிபெயர்ப்பு ஏஜென்சி அதை எடுத்துவிட்டது. இலைக்கு இடம் இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்கள், குறைத்த சொற்களுக்குக் காசைக் குறைத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். அனேகமாக ஏதோ மென்பொருளில் போட்டு எடுத்து, படித்துப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மனிதர் படித்திருந்தால் 'பயிற்சி' அங்கே வந்திருக்காது. 'அந்த டாக்டர் சிவாஜிநகர்ல பிராக்டீஸ் பண்றார்' என்று நாம் பேசும் பிராக்டீஸ் அது. பயிற்சி என்று போட்டதால், எத்தனை நாள் கோர்ஸ், சர்டிபிகேட் உண்டா என்று தினமும் இரண்டு பேராவது போன் செய்கிறார்களாம்.

"வேற எப்படி சார் ஆளுங்களுக்குச் சொல்றது? பக்கத்துல எல்லாரும் நூறு சதவீதம்னு போடறாங்க" என்றார். நியாயமான கேள்விதான். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஒரு மணி நேரம், பாதி நேரம் வந்தவர் பேசுவார், இவர் கேட்பார். மீதி நேரம் மூச்சும் ஒலிக் கிண்ணமும். தூக்கம் நன்றாக வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் ஒரு தடவையோடு சரி. இதையே எழுதுங்கள் என்றேன். 'உண்மையான' வேண்டவே வேண்டாம். உண்மையான நெய் என்று டப்பாவில் எழுதியிருந்தாலே முகர்ந்து பார்க்கிறவர்கள் நாம். யாரிடம் எத்தனை வருடம் கற்றுக்கொண்டார், கட்டணம் எவ்வளவு, எதைச் செய்ய மாட்டார் என்று மூன்று வரி போதும். மாத்திரை வரியை மேலே, இலை இருந்த இடத்தில் போடச் சொன்னேன். இலைக்குத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

போன வாரம் சிவாஜிநகர் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. மாத்திரை வரி மேலே, சரியாக. தலைப்பில் 'முழுதலாவிய நலம் பேனல்' என்று இருந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். "பேனல்னா, ஏதாவது சோலார் சமாச்சாரமா?" என்றார். திருத்தி அனுப்பியிருக்கிறேன்.