நாய் முகர்ந்துகொண்டு நின்றால் கயிற்றை இழுக்காதீர்கள்

போன மாதம் ஒரு அம்மா தன் நாலு வயது லேப்ரடாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பதறியடித்து வந்தார். "டாக்டர், இவனுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு" என்று ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். கரண்ட் கம்பத்தடியில் ஈரமான இடத்தை நக்குகிறான், தலையைத் தூக்குகிறான், கீழ்த்தாடை கிடுகிடுவென்று ஆடிப் பற்கள் தட்டிக்கொள்கின்றன, வாயோரம் கொஞ்சம் நுரை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் காது இவர் பக்கம் திரும்புகிறது. வலிப்பு இல்லை அது. ஏதோ பெட்டை நாய் அங்கே சிறுநீர் கழித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

நாயின் மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். நாய் இப்படி நக்கிப் பல்லைத் தட்டும்போது, அதன் பக்கத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் சிறுநீரில் இருக்கும் வேதிப்பொருள்கள் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகின்றன. மூக்குக்குத் துணையாக இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்பு அது. ஸ்பெயினின் லூகோ நகர ஆய்வாளர்கள் செந்நரியின் மூளையைப் பார்த்தபோது, இந்த உறுப்பிலிருந்து சேதி வாங்கும் பகுதி நாயில் இருப்பதைவிட நன்றாக வளர்ந்திருந்தது. மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாய்க்கு இது சுருங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மூக்கிலும் அப்படித்தான். மோப்ப நரம்புகள் மூளைக்குள் நுழைவது சல்லடை மாதிரியான ஒரு மெல்லிய எலும்புத் தகடு வழியாக. உடல் அளவோடு ஒப்பிட்டால் ஓநாயைவிட, கயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கைவிட நாய்க்கு இந்தத் தகடு சிறியது. மோப்பத்துக்கென்றே வளர்த்தெடுத்த இனங்களுக்கும் இதில் விலக்கு இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, அதனால் நாயின் மோப்பம் மழுங்கிவிட்டதா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது. புடாபெஸ்டில் நடத்தி 2016இல் வெளியான மோப்பச் சோதனையில் மிகக் கடினமான கட்டத்தைத் தாண்டியவை ஓநாய்களும் மோப்ப இன நாய்களும்தான், சப்பை மூக்கு இனங்கள் தடுமாறின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு அமெரிக்கச் சோதனையில் வாசனையைப் பிரித்தறிவதில் சப்பை மூக்கு இனமான பக், ஜெர்மன் ஷெப்பர்டையே முந்தியது! கிரேஹவுண்டுகள் பெரும்பாலும் ஆர்வமே காட்டவில்லை. மூக்கின் அமைப்பு மட்டும் போதாது, முகர வேண்டும் என்ற ஈடுபாடும் வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஈடுபாட்டைத்தான் நாம் தினமும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கெடுக்கிறோம். காலையில் இருபது நிமிடம் கூட்டிப்போய், நின்ற இடத்திலெல்லாம் "வாடா வாடா" என்று தரதரவென இழுத்துக்கொண்டு வந்து, அப்புறம் வீட்டில் செருப்பைக் கடிக்கிறான் என்று என்னிடம் வருகிறார்கள். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை, நிற்கும் இடத்தில் நிற்க விடுங்கள். படுக்கும் இடத்தில் ஃபினைலும் ரூம் ஃபிரெஷ்னரும் வேண்டாம்.

முகரட்டும், ஆனால் நக்க ஆரம்பித்தால் மெதுவாக நகர்த்துங்கள். சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி பரவும், மனிதருக்கும் வரும். அந்த லேப்ரடாரின் அட்டையைப் பார்த்தேன், எலிக்காய்ச்சலுக்காக ஆண்டுதோறும் போட வேண்டிய லெப்டோ தடுப்பூசி தவறியிருந்தது, அன்றைக்கே போட்டுவிட்டேன்.

நிஜமான பெரிய வலிப்பில் நாய் சாய்ந்து விழும், கால்கள் நீந்துவதுபோல உதறும், கூப்பிட்டால் திரும்பாது. அப்போது வாய்க்குள் கையை விடாதீர்கள். முடிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.