நச்சு முறிப்பானா, நச்சுப் பிணைப்பியா?

பன்றித் தீவனத்தைப் பற்றித் தமிழில் வரும் கையேடுகளிலும் விளம்பரத் துண்டுகளிலும், பூசணம் உண்டாக்கும் நச்சைப் பிடித்து வைப்பதற்காகத் தீவனத்தில் கலக்கும் 'டாக்சின் பைண்டர்' என்ற பொருளை 'நச்சு முறிப்பான்' என்று எழுதும் வழக்கம் வேரூன்றி வருகிறது. பண்ணை வைத்திருப்பவர்கள் பேச்சில் டாக்சின் பைண்டர் என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள்; அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தமிழாக்கம்தான் ஆளைத் தவறான வழியில் நடத்துகிறது.

முதலில் நச்சின் பெயர். பூசணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், அம்பு நுனியில் தடவிய நஞ்சைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது மைக்கோடாக்சின். 1960இல் இங்கிலாந்தில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்த பிறகே இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. தமிழில் 'பூசண நச்சு' என்பதே பொருந்தும். 'காளான் நச்சு' என்றால் குடைக்காளானைத் தின்று மயங்கியவர்தான் நினைவுக்கு வருவார்.

இனி முறிப்பான். பாம்புக்கடிக்கு நச்சுமுறி மருந்து என்கிறோம்; நஞ்சின் வீரியத்தைக் கெடுப்பது என்பதே அங்கு பொருள். தீவனத்தில் கலக்கும் பென்டோனைட் களிமண் இந்த வேலையைச் செய்வதில்லை. அது நச்சைத் தன் பரப்பிலும் அடுக்குகளுக்கு இடையிலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட நச்சு குடல் வழியே சென்று, உருக்குலையாமலேயே சாணத்தோடு வெளியேறுகிறது. இதில் முறிவது எதுவுமில்லை.

இது வெறும் சொற்சண்டை அன்று. களிமண் நன்றாகப் பிடிப்பது அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சை. தட்டையான அதன் மூலக்கூறு அடுக்குகளுக்குள் எளிதாக நுழைந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால், பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளின் குடலை முதன்மையாகப் பதம் பார்ப்பது, மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் பியூசேரியம் பூசணம் விட்டுச்செல்லும் டியாக்சிநிவலெனால். இது குடற்சுவர் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான பிணைப்புகளைத் தளர்த்தி, குடல் உறிஞ்சிகளைக் குட்டையாக்கி, கழிச்சல் நோய்க் கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. அளவு கூடினால் குட்டி வாந்தி எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டு அளவின்படி, பன்றித் தீவனத்தில் இது கிலோவுக்கு 0.9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மற்றக் கால்நடைகளின் தீவனத்துக்குப் பொதுவாக 5 மில்லிகிராம் வரை இடமுண்டு. இந்த நச்சைக் களிமண் ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை. 'முறிப்பான்' என்ற பெயரை நம்பி, பூசணம் பூத்த மக்காச்சோளத்தை ஒரு கைப்பிடி களிமண்ணோடு அரைத்துப் போடுகிறவர், குட்டிகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும்போது தரகரையோ தண்ணீரையோ குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

உண்மையாகவே முறிக்கும் பொருள்களும் இருக்கின்றன. டியாக்சிநிவலெனாலின் மூலக்கூறில் நச்சுத்தன்மை தரும் எபாக்சைடு வளையத்தைத் திறந்துவிடும் பாக்டீரியா உண்டு. பியூமோனிசின் என்ற மற்றொரு பூசண நச்சை வெட்டும் எஸ்டரேஸ் நொதியும் உண்டு. 'நச்சு முறிப்பான்' என்பது இவற்றுக்கு உரிய பெயர். அதைக் களிமண்ணுக்குக் கொடுத்துவிட்டால் இவற்றுக்கு என்ன பெயர் சூட்டுவது?

'நச்சு நீக்கி' இன்னும் மோசம். தொட்டியிலுள்ள தீவனத்திலிருந்தே நச்சு போய்விட்டதாக அது சொல்கிறது. 'நச்சு உறிஞ்சி' பரவாயில்லை. ஆனால் பஞ்சு நீரை இழுப்பதுபோல் எந்த நச்சையும் இழுத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தை அதுவும் விதைக்கிறது. பிடித்து வைப்பதைச் சொல்லும் 'நச்சுப் பிணைப்பி'யே பொருந்தும். அது வறட்சியாக இருக்கிறது, முறிப்பானில்தான் தமிழ் மணம் வீசுகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. பொருளைத் தவறாகச் சொல்லும் மணத்தை வைத்துக்கொண்டு பன்றிக்குட்டி என்ன செய்யும்? ஆலைக்காரரின் விளம்பர வாசகத்தை, அந்தப் பொருள் குடலுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேளாமல் தமிழாக்கித் தருபவர்களால் வந்த வினை இது.

பிணைப்பி என்றாலும் தனியே நிற்க விடக் கூடாது. 'அஃப்ளாடாக்சின் பிணைப்பி', 'பியூமோனிசின் முறிப்பான்' என்று எந்த நச்சுக்கு என்பதையும் சேர்த்தே மூட்டையில் அச்சிட வேண்டும்.