செல் பெருக்கக் குறிப்பான்: கேஐ-67

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மார்பகக் கட்டிக்கு பயாப்சி எடுத்தவர்கள் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்பதுண்டு: "கேஐ-67 இருபத்தஞ்சு சதவீதம்னா, அவ்வளவு பரவிடுச்சா?" இல்லை. கேஐ-67, பிரியும் செல்லைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம். நூறு புற்றுநோய் செல்களில் 25 பிரியும் வேலையில் இறங்கியிருக்கின்றன என்பதே பொருள். பரவலை நெறிகட்டியும் ஸ்கேனும்தான் சொல்லும்.

இதை ஆங்கிலத்தில் 'ப்ரோலிஃபரேஷன் மார்க்கர்' என்பார்கள். 'ப்ரோலிஃபரேஷன்' லத்தீன் வேர்களிலிருந்து வந்தது: 'ப்ரோலேஸ்' பிள்ளை, 'ஃபெர்ரே' சுமத்தல். ஒன்று இரண்டாகி எண்ணிக்கை கூடுவதைக் குறிப்பதால் 'பெருக்கம்' சரியாக அமைகிறது. 'வளர்ச்சி' என்றால் ஒரே செல் பருப்பதும் அடங்கிவிடும். 'இனப்பெருக்கம்' வேறு துறை. 'மார்க்கர்' என்பதற்குக் 'குறியீடு' வேண்டாம், 'குறிப்பான்' போதும். செல்லை ஈழத்தில் 'கலம்' என்பார்கள். நம் பாடநூல்களில் 'செல்' ஊன்றிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

கேஐ என்பது ஜெர்மனியின் கீல் நகரப் பெயரின் முதல் இரண்டெழுத்து. 67, அங்கே இந்தப் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கிடைத்த சோதனைத் தட்டுக் குழியின் எண். அந்தக் கண்டுபிடிப்பு 1983இல் வெளிவந்தது. பிரியும் சுழற்சியில் உள்ள செல்லின் உட்கருவில் இந்தப் புரதம் இருக்கும். ஓய்விலிருக்கும் செல்லில் இருக்காது. சாயமேற்றினால் அந்த உட்கரு பழுப்பாகும், மற்றவை நீலமாக நிற்கும். ஊடுருவிய புற்றுநோய் செல்களை மட்டும், குறைந்தது 500 எண்ண வேண்டும். நிறம் வெளிறியிருந்தாலும் கணக்கில் சேரும். இடையில் கிடக்கும் லிம்ஃபோசைட்டுகளை (ஒருவகை வெள்ளணுக்கள்)ச் சேர்த்துவிட்டால் சதவீதம் பொய்யாகும்.

பெரும்பாலும் கோளாறு மைக்ராஸ்கோப்புக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆபரேஷன் ஓரிடம், லேப் வேறிடம் என்றால் சதையை சலைனில் (உப்புநீரில்) போட்டு ஆட்டோவில் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் பத்து சதவீத பஃபர் ஃபார்மலினில் இறங்க வேண்டும். அளவு, சதையைப் போல் பத்து மடங்கு. பெரிய கட்டியென்றால் கீறி விட வேண்டும், இல்லையேல் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் எட்டாது. ஊறல் 6 முதல் 72 மணி நேரம். தாமதமானால் கேஐ-67 உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். வேகமான கட்டியும் மெதுவானதாக ரிப்போர்ட்டில் வந்துவிடும்.

ஆரம்ப நிலையில், ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனைப் பற்றும் புரதம் உள்ளது), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 புரதம் மிகையாக இல்லாதது) கட்டியில் கேஐ-67 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால் கீமோ பெரும்பாலும் தேவைப்படாது. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கீமோவை யோசிப்பார்கள். நடுவில் வரும் எண் லேபுக்கு லேப் மாறும். அங்கே அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), கட்டியின் அளவு, நெறிகட்டி எல்லாம் சேர வேண்டும். சந்தேகமிருந்தால் அதே பாரஃபின் பிளாக்கில் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) மறுபடி பார்க்கலாம். ரிப்போர்ட் வாங்கும்போதே பிளாக் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.