கெட்ட வார்த்தையை எங்கே வைப்பது

நகைச்சுவைக் காட்சியில் கெட்ட வார்த்தை சிரிப்பை வரவழைப்பது அதன் பொருளால் அல்ல. இவர் வாயில் அது வரவே வராது என்று நாம் நம்பிய ஆள் சொல்லிவிடுவதால்தான். தலைமையாசிரியரோ பூசாரியோ பத்து நிமிடம் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் ஒன்றை விட்டால் அரங்கு அதிரும். முதல் காட்சியிலிருந்தே எல்லாரும் அதைப் பேசினால், 'டா' போலக் காதில் விழாமலே போய்விடும். பிறகு இன்னும் காரமான சொல்லைத் தேட வேண்டும். பல இணையத் தொடர்களில் மூன்றாம் அத்தியாயத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடுவது இப்படித்தான்.

வசனப் பிரதி முடிந்ததும் வசவுகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வரியை உரக்கப் படியுங்கள். வரி நின்றால் அந்த வசவு தேவையில்லை. விழுந்தால், பெரும்பாலும் அங்கே நகைச்சுவையே எழுதப்படவில்லை என்று பொருள். 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி இன்றும் நிற்பது ஒரு சின்னக் கணக்குத் தகராறாலும் ஏறிக்கொண்டே போகும் கோபத்தாலும்தான்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. திட்டும் சொல் பெரும்பாலும் விளியாக வாக்கியத்தின் கடைசியில் வரும். சிரிப்பை வெடிக்க வைக்கும் சொல்லான பஞ்ச் விழுவதும் அதே இடத்தில். பஞ்சுக்குப் பின்னால் வசவை ஒட்டினால் பஞ்ச் மூடிப்போகும். வசவு வேண்டுமென்றால் வரியின் முன்னால் கொண்டுபோங்கள்.

'சென்சாரில் மியூட் பண்ணிக்கலாம்' என்று எழுதுவது ஆபத்து. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அரை நொடி வார்த்தை என்றால் 12 பிரேம். நேரடி ஒலிப்பதிவில் வசனத்தோடு சுற்றுப்புற ஓசையும் அறுந்து, காதில் ஒரு பள்ளம் விழும். அதே இடத்து வெற்று ஓசையை எடுத்து நிரப்ப வேண்டும். உதடசைவோ அப்படியே தெரியும். டப்பிங்கில் வேறு சொல் போடுவதானால் ப, ம வரும் இடங்களில் உதடு மூடுவது பொருந்த வேண்டும். படப்பிடிப்பிலேயே மாற்று வரியோடு ஒரு டேக் எடுத்து வைப்பது நல்லது. அல்லது வார்த்தை விழும் நேரத்தில் கேட்பவரின் முகத்தைக் காட்டுங்கள். பல சமயம் அதுதான் கூடுதலாகச் சிரிப்பு மூட்டும்.

திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பின் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் பெற வேண்டும். ஓடிடியில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனமே வயதுப் பிரிவு போட்டுக்கொள்கிறது. அங்கே கத்தரி எழுதுபவர் கையில்தான்.

அதனால்தான் அடி யார்மேல் விழுகிறது என்பதை எழுதுபவர் பார்த்தே ஆக வேண்டும். நம் வசவுகளில் பெரும்பங்கு எதிராளியின் தாயையும், ஒரு சாதியையும், உடற்குறையையும் இழுத்துத்தான் திட்டுகின்றன. நம் காமெடியில் சர்வசாதாரணமாகப் புழங்கிய 'சண்டாளன்' என்பது பட்டியல் சாதிகளில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். அதை நகைச்சுவைக்கும் இழிவுபடுத்தவும் பயன்படுத்தக் கூடாது என்று 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அறிவுறுத்தியது. பழைய பழக்கத்தில் பேனாவில் வந்துவிடும் சொல் அது. பிரதியில் தேடி நீக்குங்கள்.

அந்த இடத்தில் வைக்க நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை: வெளங்காதவன், கட்டையில போறவன், எடுபட்ட பய, கூறுகெட்டவன். நெல்லைப் பாத்திரமென்றால் 'வெளங்காமூதி'. ஆனால் அதை அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லச்சொல்லிக் கேட்ட பிறகே டப்பிங்கில் ஏற்றுங்கள். அந்த இழுவை வராவிட்டால், அதற்கும் சிரிப்பு வராது.