பைபோலார் நோயும் வீட்டாரின் தூக்கமும்

"பைபோலார் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தம்பி கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அவனுடைய ஏ.டி.எம். கார்டை நாங்களே வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இந்நோயில் மனநிலை சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் ஆழ்ந்த சோர்வில் கிடக்கும் என்பதும், மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதும் பலர் அறிந்தவை. மனவெழுச்சியின்போது கையிருப்பைக் கரைப்பதும், வேலையை உதறுவதும், நெருங்கியவர்களைச் சுடுசொல்லால் புண்படுத்துவதும் நிகழ்கின்றன. அப்போது தமக்கு நோய் என்ற உணர்வே பலருக்கு இருப்பதில்லை. அதனால்தான் வீட்டார் காவலுக்கு நிற்கத் தொடங்குகிறார்கள்.

எதைக் காவல் காப்பது என்பதற்கு அறிவியல் தரும் விடை தூக்கம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து உடலின் கடிகாரமாக இயங்குகின்றன. தனியே விட்டால் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டிவிடும் என்பதால், விழித்திரையில் விழும் காலை வெளிச்சம் அதை அன்றாடம் சரிசெய்கிறது. வெளிச்சம் மட்டுமன்றி, சாப்பிடும் வேளை, வேலைக்குக் கிளம்பும் நேரம், உடன் வாழ்பவர்களின் நடமாட்டம் ஆகியவையும் நம் நாளுக்கு ஒழுங்கு தருகின்றன. வாழ்க்கை நிகழ்வுகள் இந்த அன்றாட ஒழுங்கைக் குலைப்பதன் வழியாகவே மனநிலையையும் குலைக்கக்கூடும் என்று சிண்டி ஏலர்ஸ், எலன் ஃபிராங்க், டேவிட் குஃப்பர் ஆகிய ஆய்வாளர்கள் 1988-இல் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில் அதன்படி பார்த்தால், ஒரு வீட்டில் எப்போது விளக்கணைக்கிறார்கள் என்பதுகூட நோயின் போக்கோடு தொடர்புடையதாகிறது. பைபோலார் உள்ளவருக்கு ஓர் இரவுத் தூக்கம் கெட்டால் மனவெழுச்சி தூண்டப்படலாம். மனவெழுச்சி வந்துவிட்டால் தூக்கமே தேவையில்லை என்று தோன்றும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-இல் மனவெழுச்சிக்கு மருந்தாக அறிவித்த லித்தியம்கூட, செல்களிலும் விலங்குகளிலும் இந்தக் கடிகாரத்தின் சுற்றை நீட்டுகிறது என்பது வியப்பூட்டும் செய்தி.

ஆகவே முகூர்த்தத்திற்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருப்பதும், குழந்தை பிறந்த வீட்டில் தாய் ஒருத்தியே இரவெல்லாம் கண்விழிப்பதும் இந்நோய் உள்ளவர்களுக்குச் சாதாரண அலுப்போடு முடிவதில்லை. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துத் திருமணம் செய்துவைப்பது, மருந்தையும் தூக்கத்தையும் ஒருசேரக் கெடுத்து, இன்னொருவர் வாழ்க்கையையும் பணயம் வைக்கும் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. சொத்துத் தகராறோ சமையலில் உப்போ, எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டு வாயடைக்கும் வீடுகள் இருக்கின்றன, அங்கே நோயாளியின் நியாயமான கோபத்திற்கும் இடமில்லாமல் போகிறது. ஓயாத குறைகூறல் மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. குடும்பத்தையே சிகிச்சைக்குள் அழைத்துவரும் முறையை அவர் உருவாக்கினார்.

கார்டைப் பறித்து வைக்க வேண்டாம். தம்பி தெளிவாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசி, தொடர்ந்து இரண்டு இரவுகள் வழக்கத்தைவிட மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாவிட்டால் டாக்டரை அழைப்பது, அந்த நாட்களில் மட்டும் கார்டை யாரிடம் ஒப்படைப்பது, எப்போது திரும்பப் பெறுவது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இது வீட்டுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. சிகிச்சையைப் பொறுத்தவரை, தாம் முடிவெடுக்க இயலாத நிலையில் எப்படிக் கவனிக்கப்பட வேண்டும், எப்படிக் கவனிக்கப்படக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. அந்த நபர் அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நண்பர் ஒருவரையும் அவர் தேர்ந்தெடுக்கலாம்.